கழிச்சுக்கச் சொல்லு

மார்ச் மாதத்தில் ஆடிட்டர் ஆபீஸில் லீவு கேட்பதே குற்றம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்பதால் மூன்று நாள் கொடுத்தார்கள். அப்படி ஊரில் இருந்தபோதுதான் 2025 மார்ச் 14, வெள்ளிக்கிழமை, தமிழ்நாடு பட்ஜெட் வந்தது. முந்தின நாளிலிருந்தே டிவி முழுக்க ஒரே சண்டை, பட்ஜெட் இலச்சினையில் ரூபாய்க் குறியை எடுத்துவிட்டு 'ரூ' போட்டது சரியா தவறா என்று. அந்த ஓர் எழுத்துக்குக் கிடைத்த நேரத்தில் கால்வாசி உள்ளே இருந்த எண்களுக்குக் கிடைத்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

ராத்திரி விவாத நிகழ்ச்சியில் ஒருவர் கையை உயர்த்தி, "ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் நாலு லட்சத்துக்கு மேல் கடன்" என்றார். அப்பா தோசையைப் பிட்டபடியே, "அப்படியா? எனக்குத் தர வேண்டிய டி.ஏ. அரியர் இருக்குல்ல, அதைக் கழிச்சுக்கச் சொல்லு, மீதியைக் கட்டிடலாம்" என்றார். ஏறாமல் நிற்கிற அகவிலைப்படி பாக்கியைத்தான் சொன்னார். அம்மா சிரித்துவிட்டு, "சிரிக்க வைக்காதீங்க, கண்ணுல தண்ணி வருது" என்று கட்டுப் போட்ட கண்ணைப் பொத்திக்கொண்டாள். நானும் சிரித்தேன். ஆனால் படுத்த பிறகு தூக்கம் வரவில்லை. பன்னிரண்டு வருடமாகக் கணக்கு எழுதிப் பிழைக்கிறவள் நான். அப்பா சொன்னது நகைச்சுவை இல்லை, நான் தினமும் போடுகிற ஒரு கணக்குப் பதிவு என்பது அப்போதுதான் உறைத்தது.

அப்பா கண்டக்டர். ஒரு போக்குவரத்துக் கழகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை. எந்தக் கழகம் என்பது வேண்டாம், இந்தக் கதை எல்லாக் கழகத்துக்கும் பொருந்தும்.

இந்தத் தலைக்கு இவ்வளவு என்கிற கணக்கு பிரபலமானது 2021 ஆகஸ்ட் 9 அன்று. அப்போது நிதியமைச்சராக இருந்த பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கையில், ஒரு குடும்பத்துக்கு 2,63,976 ரூபாய் கடன் என்று இருந்தது. மொத்தக் கடன் 5.70 லட்சம் கோடியை 2.16 கோடி குடும்பத்தால் வகுத்தால் வருகிற எண் அது. ஒரு ரூபாய்கூடக் குறையாமல் சொன்னதால்தான் அது மனதில் நின்றது என்று நினைக்கிறேன். இரண்டரை லட்சத்துச் சொச்சம் என்று சொல்லியிருந்தால் மறந்திருப்போம். அன்று எதிர்க்கட்சியாக இருந்தவர்கள் அந்த வாய்ப்பாட்டைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டு இந்த பட்ஜெட்டின்போது திருப்பிப் போட்டார்கள். 2026 மார்ச் 31-இல் இருக்கப்போவதாக இந்த பட்ஜெட் சொன்ன கடன் 9,29,959 கோடி. அதே 2.16 கோடியால் வகுத்தால் 4.30 லட்சம். விவாதத்தில் பேசியவர் வீட்டிலேயே கால்குலேட்டரில் போட்டுக்கொண்டு வந்திருக்க வேண்டும்.

எனக்கு இந்த எண் மேல் ஆரம்பத்திலிருந்தே மரியாதை இல்லை. கடனை மட்டும் தலைக்கு வகுத்துவிட்டு, மேட்டூர் அணையையும் மெட்ரோ ரயிலையும் தலைக்கு வகுக்காமல் விடுவது என்ன நியாயம்? ஒரு கம்பெனியின் கடனை மட்டும் காட்டி அது திவால் என்று நான் எழுதினால் என் முதலாளி என்னை வேலையை விட்டு அனுப்பிவிடுவார். அரசு இதற்குச் சொன்ன பதில், கடன் மாநிலப் பொருளாதாரத்தில் 26.07 சதவீதம்தான், ஒன்றிய வரியை மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் நிதிக்குழு போட்ட வரம்புக்குள் இருக்கிறது என்பது. அது உண்மை. ஆனால் அந்தப் பதிலிலும் எனக்குத் திருப்தி இல்லை. கடன் எவ்வளவு என்பதைவிட எதற்கு வாங்கினது என்பதுதானே வீட்டிலும் கேட்கிற கேள்வி?

நூறு ரூபாய் வந்தால்

மறுநாள் காலை, அம்மாவுக்கு இரண்டு மணிக்கொரு தரம் கண்ணில் சொட்டு மருந்து விடுகிற வேலைக்கு நடுவில், பட்ஜெட் உரையை இறக்கிப் படித்தேன். 2025-26-இல் அரசுக்கு வரும் என்று மதிப்பிட்டிருந்த வருவாய் 3,31,569 கோடி. இதில் 2,20,895 கோடி மாநிலமே வசூலிக்கும் வரி. ஒன்றிய வரியில் நமக்கு வரும் பங்கு 58,022 கோடி. பதினைந்தாம் நிதிக்குழு நமக்குக் கொடுத்த பங்கு 4.079 சதவீதம். ஒன்பதாம் நிதிக்குழுக் காலத்தில் அது 7.9 சதவீதத்தைத் தொட்டிருந்தது. இந்த வயிற்றெரிச்சல் நியாயமானதுதான், அதைப் பற்றி ஊரே பேசுகிறது, நான் தனியாக எழுத ஒன்றும் இல்லை. ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். டாஸ்மாக் வருமானத்தைத் தேடுகிறவர்கள் 'ஆயத்தீர்வை 12,944 கோடி' என்ற வரியைப் பார்த்து, இவ்வளவுதானா என்று ஏமாந்துவிடுவார்கள். மதுவுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, அதன் மேல் விதிக்கும் மதிப்புக்கூட்டு வரி வணிகவரிக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. இரண்டையும் கூட்டினால் 2024-25-இல் 48,344 கோடி. அரசுக் கணக்கில் பொய் இருக்காது. எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறார்கள் என்பதில்தான் சூட்சுமம்.

சரி, செலவு. வருகிற பணம் நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால், சம்பளத்துக்கு 27, ஓய்வூதியத்துக்கு 12, வட்டிக்கு 21. இந்த மூன்றுக்கே 61 ரூபாய் போய்விடுகிறது. மானியங்களும் உதவித்தொகைகளும் 1,53,724 கோடி, அதாவது 46 ரூபாய். ஆக 107. ஆஸ்பத்திரிக்கு மருந்து, ஆபீஸுக்குப் பேப்பர், ஜீப்புக்கு டீசல் எல்லாம் இன்னும் கணக்கில் ஏறவே இல்லை. அதையும் சேர்த்தால் 112-ஐத் தாண்டும். கூடுதலாகப் போகும் அந்த 12 ரூபாய் சொச்சம்தான் வருவாய் பற்றாக்குறை. கோடியில் சொன்னால் 41,635. ஒரு சட்டி தார்கூட ரோட்டில் ஊற்றாமல், அன்றாடப் பாட்டுக்காகவே வாங்கும் கடன் இது. ரோடு, பாலம், அணைக்கட்டு என்று போடும் மூலதனச் செலவு 57,231 கோடி தனி. 2013-14 முதல் ஒரு வருடம்கூட வருவாய் கணக்கில் உபரி இல்லை. கொரோனா வருடமான 2020-21-இல் பற்றாக்குறை 62 ஆயிரம் கோடியைத் தாண்டிப் போனது, அதிலிருந்து பார்த்தால் இப்போது இறங்கித்தான் இருக்கிறது.

உடனே எல்லோரும் இலவசத்தில் கை வைக்கச் சொல்வார்கள். மகளிருக்கான ஆயிரம் ரூபாய் உரிமைத்தொகைக்கு 2025-26-இல் 13,807 கோடி. வட்டிக்கு 70,754 கோடி. அதாவது ஒரு நாளைக்கு 194 கோடி வட்டி. இதில் எதைப் பற்றி டிவியில் அதிகம் பேசினார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. என் அம்மாவுக்கு அந்த ஆயிரம் கிடைக்காது, எங்கள் தெருவில் கிடைப்பவர்களைத் தெரியும். மாதம் பதினைந்தாம் தேதி கேஸ் சிலிண்டருக்குச் சொல்லிவைக்கும் வீடுகள் அவை.

இவ்வளவையும் படித்து முடித்த பிறகுதான் அப்பா சொன்ன அரியர் இதில் எங்கே இருக்கிறது என்று தேடினேன். எங்கேயும் இல்லை.

அப்பாவின் மூன்று ஓய்வுகள்

அப்பா 58 வயதில், 2020 ஜூன் மாதம் ஓய்வு பெற வேண்டியவர். சின்ன விழாவுக்கு டிப்போ நண்பர்கள் பணம்கூடச் சேர்த்துவிட்டார்கள். அதற்குள் மே மாதம் ஓய்வு வயது 59 என்று அறிவிப்பு வந்தது. சரி, 2021 ஜூன் என்று இருந்தார். பிப்ரவரியில் வயது 60 ஆகிவிட்டது. கடைசியில் 2022 ஜூன் மாதம் உண்மையிலேயே மாலை போட்டு வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். "மூணு தடவை ரிட்டயர் ஆன ஒரே கண்டக்டர் நான்தான்" என்பார். அவர் மட்டும் இல்லை, அந்த வயதில் இருந்த ஆயிரக்கணக்கானவர்களின் கதை அது. இரண்டு வருடம் கூடுதல் சம்பளம் கிடைத்ததே என்று அப்போது எங்களுக்குச் சந்தோஷம்தான். அரசுக்கும் சந்தோஷம். கிராஜுவிட்டி, லீவ் சரண்டர் என்று ஒரே நாளில் எடுத்து வைக்க வேண்டிய பெரிய தொகை தள்ளிப்போனது.

தள்ளிப்போனது அதோடு நிற்கவில்லை. மாலையோடு வீட்டுக்கு வந்தவருக்கு மற்றது எதுவும் வரவில்லை. கிராஜுவிட்டியை நம்பி 2023 தையில் தங்கச்சி கல்யாணத்துக்கு நாள் குறித்திருந்தோம். மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாயிற்று, பணம் வரவில்லை. அப்பா மாதம் ஒரு தடவை டிப்போவுக்கும் தலைமை அலுவலகத்துக்கும் போய் நிற்பார். "ஃபண்ட் வரலைண்ணே, வந்ததும் சீனியாரிட்டிப்படி போட்டுடுவாங்க" என்று அந்த கிளார்க் தம்பி ஒவ்வொரு தடவையும் மரியாதையாகவே சொல்லியிருக்கிறார். கடைசியில் அம்மாவின் நகையை பேங்கில் வைத்தோம், போதாததற்குத் தெரிந்தவரிடம் நூற்றுக்கு இரண்டு வட்டியில் ஒரு லட்சம். கல்யாணம் நடந்தது. கிராஜுவிட்டி ஓய்வு பெற்று ஒன்றரை வருடம் கழித்து வந்தது. தாமதத்துக்கு ஒரு பைசா வட்டி கிடையாது. ஓய்வூதியத்தில் ஏற வேண்டிய அகவிலைப்படி இதை எழுதும் வரை ஏறவில்லை. அதுதான் அவர் சொன்ன அரியர்.

எங்கள் ஆபீஸில் மார்ச் 31-ஆம் தேதி நாங்கள் முதலில் கேட்பது, "தர வேண்டியது என்னென்ன?" என்றுதான். பில் வந்ததோ இல்லையோ, பணம் கொடுத்தாயிற்றோ இல்லையோ, வாங்கிய சரக்கும் செய்த வேலையும் அந்த வருடத்துச் செலவு. வாடகை பாக்கி, கரண்ட் பில் பாக்கி, ஆள் கூலி பாக்கி எல்லாவற்றையும் ஏற்றிய பிறகுதான் லாபமா நஷ்டமா என்று சொல்வோம். அரசின் கணக்கு அப்படி இல்லை, அது ரொக்கக் கணக்கு. பணம் கைமாறினால்தான் செலவு. கொடுக்காமல் வைத்திருந்தால் அந்தச் செலவு நடக்கவே இல்லை. மார்ச் 30-இல் பாஸ் ஆகவேண்டிய பில் ஏப்ரல் 2-இல் பாஸ் ஆனால் இந்த வருடப் பற்றாக்குறை அந்த அளவுக்குக் குறைந்துவிடும். இது சட்டவிரோதம் இல்லை, இந்தியாவில் எல்லா அரசும் இப்படித்தான் எழுதுகின்றன. எனக்கு இது பாடப்புத்தகத்திலேயே தெரியும். எங்கள் வீட்டுக் கல்யாணம்தான் அந்தப் பாடத்தின் உதாரணம் என்பது அந்தத் தோசை நேரம் வரை தெரியாது.

அப்பா அந்த ஒன்றரை வருடம் அரசுக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்திருக்கிறார். கொடுப்பதற்காக அவர் நூற்றுக்கு இரண்டு வட்டிக்கு வாங்கியிருக்கிறார். மாநில அரசு சந்தையில் பத்திரம் போட்டு வாங்கினால் அப்போது வருடத்துக்கு ஏழரை சதவீதத்தை ஒட்டிக் கிடைத்திருக்கும். அந்த வட்டியை மிச்சம் பிடிக்க, அப்பா வருடத்துக்கு இருபத்துநாலு கட்டினார். அந்த ஒரு லட்சத்தைப் பொறுத்தவரை, அரசுக்கு மிச்சமானதைப்போல் மூன்று மடங்கு எங்கள் வீட்டில் செலவானது. இதில் யாருக்கு என்ன லாபம் என்று யோசித்துப் பார்த்தேன், வட்டிக்குக் கொடுத்தவரைத் தவிர யாரும் அகப்படவில்லை.

எங்கள் ஆபீஸுக்கு வரும் ஒரு கான்ட்ராக்டர் இதை இன்னும் பச்சையாகச் சொல்வார். ஒரு துறைக்கு வேலை முடித்துக் கொடுத்து, பில்லுக்கு எட்டு மாதம் அலைந்தவர். "மேடம், அடுத்த டெண்டர்ல அந்த எட்டு மாச வட்டியையும் சேர்த்துத்தான் ரேட் போடுவேன். நான் என்ன தர்ம சத்திரமா?" என்றார். அவரால் ரேட்டில் ஏற்ற முடியும். கண்டக்டர் எதில் ஏற்றுவார்?

ஒரு கிலோமீட்டருக்கு 59.15

அந்த 2021 வெள்ளை அறிக்கையில் இன்னொரு எண்ணும் இருந்தது. அரசுப் பேருந்து ஒரு கிலோமீட்டர் ஓடினால் 59.15 ரூபாய் நஷ்டம். மின்சாரம் ஒரு யூனிட் விற்றால் 2.36 ரூபாய் நஷ்டம். அப்போது அப்பா இன்னும் வேலையில் இருந்தார். அதைக் கேட்டதும் காதிலிருந்து பென்சிலை எடுத்து, காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினார். டவுன் பஸ்ஸில் ஒரு ஷிஃப்டுக்கு சுமார் 200 கிலோமீட்டர், 59.15-ஆல் பெருக்கினால் 11,830. "பாரேன் பாப்பா, நான் டூட்டிக்குப் போகாம வீட்லயே படுத்திருந்தா அரசாங்கத்துக்கு நாளைக்குப் பதினோராயிரம் மிச்சம்." அவருக்கு அது உள்ளுக்குள் வலித்திருக்க வேண்டும். டிக்கெட் கணக்கு எழுதும் வே பில்லில் ஒவ்வொரு ஸ்டேஜையும் சரியாக முடித்து, ஐந்து ரூபாய் குறைந்தால் கைக்காசைப் போட்டுக் கட்டியவர். செக்கர் ஏறினாலும் இறங்கினாலும் முகம் மாறாதவர். அவரைப் பார்த்து, நீ ஓடியதே நஷ்டம் என்றால்?

உண்மையில் அந்த நஷ்டம் ஓடுவதால் மட்டும் வருவதில்லை. பஸ் நின்றாலும் சம்பளமும் பழைய கடனுக்கு வட்டியும் ஓடிக்கொண்டேதான் இருக்கும். டிக்கெட் விலையை அரசு கடைசியாகக் கூட்டியது 2018 ஜனவரியில். டீசல் அப்படியே நிற்கவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தை யாராவது அடைக்க வேண்டும். மகளிர் இலவசப் பயணத்துக்கு 3,600 கோடி, மாணவர் பாஸுக்கு 1,782 கோடி, டீசல் மானியம் 1,857 கோடி என்று 2025-26-க்கு அரசு ஒதுக்கியது. அதற்கு மேல் இருக்கும் பள்ளத்தில்தான் அப்பா மாதிரி ஆட்கள் விழுகிறார்கள். "கூட்டுறவு சொசைட்டிக்குன்னு எங்க சம்பளத்துல பிடிச்ச காசைக்கூடக் கட்டாம டீசல் போட்டுட்டாங்க. பஸ் நிக்கலை, பாத்துக்க" என்பார். கோபமாகச் சொல்லமாட்டார், ஏதோ ஒரு பஸ் நடுவழியில் பிரேக்டவுன் ஆகாமல் டிப்போ வந்து சேர்ந்ததைச் சொல்வது மாதிரிதான் சொல்வார். இலவசப் பயணத்தைப் பற்றி மட்டும் அவரிடம் யாரும் குறை சொல்ல முடியாது. "முன்னாடியெல்லாம் நடந்தே போன பொம்பளைங்க அவங்க" என்று வாயை அடைத்துவிடுவார்.

இந்தப் பள்ளங்களை ஒருநாள் பட்ஜெட்டுக்குள் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்பதற்கு மின்வாரியம் சாட்சி. 2017-இல், மின் விநியோக நிறுவனங்களின் கடனைச் சீர்செய்ய ஒன்றிய அரசு கொண்டுவந்த உதய் திட்டத்தில் சேர்ந்தபோது வாரியத்தின் 22,815 கோடி கடனை மாநில அரசு தன் தலையில் எடுத்துக்கொண்டது. அப்புறம் ஒன்றிய அரசின் நிபந்தனையால் வாரியத்தின் நஷ்டத்தையே ஏற்க வேண்டி வந்து, 2023-24-க்கு மட்டும் 17,117 கோடி பட்ஜெட்டில் ஏறியது. 37,540 கோடி என்று மதிப்பிட்டிருந்த அந்த வருட வருவாய் பற்றாக்குறை, திருத்திய மதிப்பீட்டில் 44,907 கோடி ஆனது. நிதி நிலைமை மோசமாகிவிட்டது என்று தலைப்புச் செய்தி போட்டார்கள். ஆனால் மின்வாரியத்தின் நஷ்டம் புதிதாகப் பிறந்ததா? வேறொரு நோட்டில் இருந்தது இந்த நோட்டுக்கு வந்தது. உண்மையைச் சொன்ன வருடம் மோசமான வருடமாகத் தெரிந்தால், அடுத்தவர் எதற்கு உண்மையைச் சொல்லப் போகிறார்? எந்தக் கட்சி என்பதெல்லாம் இதில் இல்லை. அப்பாவின் வயதை இரண்டு தடவை கூட்டியது ஓர் ஆட்சி, பணத்தை ஒன்றரை வருடம் தள்ளியது அடுத்த ஆட்சி.

சனிக்கிழமை மாலை, அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் லேப்டாப் பக்கம் வந்து உட்கார்ந்தார். ஓய்வூதியத்துக்கு 41,290 கோடி என்ற வரியைக் காட்டி, "இதுல நான் இருக்கேனா?" என்று கேட்டார்.

"இல்லப்பா. இது அரசு ஊழியருக்கு. உங்களுக்குக் கழகத்தோட டிரஸ்ட்லேர்ந்து வருது."

"அப்போ அந்த கிராஜுவிட்டி வந்துச்சே, அது எந்த வரில?"

அதற்குப் பதில் எனக்குத் தெரிந்திருந்தது, சொல்லத்தான் கொஞ்சம் தயக்கம். கழகங்களிடம் பணம் இல்லாதபோது, ஓய்வு பெற்றவர்களுக்குக் கொடுக்க அரசு கழகத்துக்குக் கடனாகத் தரும். அரசாணையிலேயே கடன் என்றுதான் இருக்கும். அப்படிக் கொடுப்பது அரசின் கணக்கில் செலவு இல்லை, கடன்களும் முன்பணங்களும் என்ற தலைப்பில் போகும், வருவாய் பற்றாக்குறை ஒரு ரூபாய்கூட ஏறாது. கழகம் திருப்பிக் கட்டப்போவதில்லை என்று இரண்டு பக்கமும் தெரியும். கட்ட முடியாத கடனை அப்புறம் பங்கு மூலதனமாக மாற்றிக்கொள்வதும் உண்டு. நான் சொல்லச் சொல்ல அப்பா தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

"அப்படின்னா நான் வாங்கின கிராஜுவிட்டி, அரசாங்கத்துக்கு வர வேண்டிய பாக்கின்னு எழுதி வெச்சிருக்காங்களா?"

"அப்படியும் சொல்லலாம்."

அவர் எழுந்து போய் தன் வரவு செலவு நோட்டை எடுத்து வந்தார். அதன் கடைசிப் பக்கத்தில் 'வர வேண்டியது' என்று தலைப்பு இருக்கும், பக்கத்து வீட்டுக்குக் கொடுத்த ஐந்நூறிலிருந்து எல்லாம் அதில்தான். அங்கே ஏற்கெனவே நாலைந்து இடத்தில் எழுதி வைத்திருந்த அரியரை, 15.3.2025 என்று தேதி போட்டு இன்னொரு தடவை எழுதினார். தொகைக்கான கட்டத்தை மட்டும் காலியாக விட்டுவிட்டு, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, அம்மாவுக்குச் சொட்டு மருந்து விட நேரமாகிவிட்டதா என்று என்னிடம் கேட்டார்.